முற்றத்தின் அடியில் மிதக்கும் நீர்

அட்டாளைச்சேனையில் கடற்கரைப் பக்கத்து வளவொன்றில் கிணறு வெட்டினால் ஓர் ஆள் ஆழத்தில், மிஞ்சினால் இரண்டு ஆள் ஆழத்தில் தண்ணீர் ஊறிவிடும். வாளி விட்டு அள்ளி வாயில் வைத்தால் உப்புக் கரிக்காது. கிழக்கே கொஞ்சத் தூரத்தில் வங்காள விரிகுடா இரைந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சுவரும் இல்லை, பாறையும் இல்லை, வெறும் மணல். மணலோ தண்ணீரை எந்தப் பக்கமும் போகவிடும். அப்படியிருக்க, கடல் ஏன் கிணற்றுக்குள் வரவில்லை?

முன்முற்றத்தைப் புதுப்பிக்க நினைக்கிற எவரும் புல்லின் விலையை விசாரிக்கும் முன் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். புது வீடு கட்டுகிறவர்களும் மகளுக்கென்று பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் கடைசியாகக் கைவைக்கும் இடம் முன்வளவு. மதிலும் கேற்றும் முடிந்ததும் கிரவல் ஏற்றிவந்து பரத்துவார்கள். வாகனம் வரும் பாதைக்கு இன்டர்லொக் கல், மிச்ச இடத்துக்குப் புல், மதிலோரம் இரண்டு மூன்று அலங்காரப் பாம். மேசனிடம் சொல்லும் முதல் வார்த்தை, “மழைத் தண்ணி வளவுக்குள்ள நிக்கப்படாது” என்பதாக இருக்கும். கடலைக் கிணற்றுக்குள் வரவிடாமல் வைத்திருப்பதே அந்த மழைத் தண்ணீர்தான்.

கடல்நீரில் உப்பு இருப்பதால் அது நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. ஒரு லீற்றர் நன்னீர் 1,000 கிராம் என்றால், கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசம் போதும். மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரோடு எளிதில் கலந்துவிடாமல், ஆணத்தின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல அதன் மேல் மிதக்கிறது. கடலில் மிதக்கும் பனிக்கட்டிக்குப் போலவே இதற்கும் வெளியே தெரியும் பகுதி சிறிது, அமிழ்ந்திருக்கும் பகுதி பெரிது. நெதர்லாந்தின் படோன் கைபென் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போட்டார்கள். நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், கீழே 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்க இடமுண்டு. கரையோரத்தில் மெலிந்தும் நடுவில் தடித்தும் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள்.

நமது கரையில் மணல் அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை. கீழே களியோ பாறையோ வந்துவிடும். அதனால் வில்லையும் மெல்லியது. இலங்கையின் மண்ணையும் நீரையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த சி. ஆர். பானபொக்க, நாட்டின் நிலத்தடி நீர்த்தேக்கங்களை ஆறு பெரும் வகைகளாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று இந்தக் கரையோர மணல் வகை. ஆழத்துப் பாறை நீர் எப்போதோ பெய்த மழையாக இருக்கலாம். மணல் வில்லையில் இருப்பது அண்மைய மாரிகளின் மழை. அது ஓயாமல் கடலை நோக்கிக் கசிந்து தீர்ந்துகொண்டே இருக்கிறது. ஐப்பசியில் வாடை தொடங்கி மழை வந்தால்தான் திரும்ப நிரம்பும்.

ஒன்றுக்கு நாற்பது என்ற கணக்கு மறுபக்கமும் வெட்டும். மோட்டர் போட்டு இறைத்து நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்து அப்படியே நின்றால், அடியில் உப்புநீர் 40 சென்ரிமீற்றர் மேலே வர முற்படும். கிணற்றுக்கு நேர்கீழே அது கூம்பாக உயரும். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் சில கிணறுகள் திடீரென்று சவர்த்தன்மை காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

2004 டிசம்பர் 26 காலை, சுனாமியில், இந்த வில்லையின் மேல் கடலே ஏறி நின்றது. இலங்கையின் மாவட்டங்களில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை. இழப்புகளுக்கு நடுவே கிணறுகளும் உப்பாயின. அலை கொண்டுவந்த கடல்நீர் கிணற்று வாய் வழியாக மட்டும் இறங்கவில்லை, முற்றங்கள் முழுவதும் மணலில் ஊறி, கனமாக இருந்ததால் நன்னீருக்குள் அமிழ்ந்து போனது. நல்ல நோக்கத்தோடுதான் பம்பிகளைக் கொண்டுவந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பிறகு கிழக்குக் கரையில் ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தினர் சொன்னது வேறு. அளவுக்கு மிஞ்சி இறைப்பது அடியிலிருக்கும் உப்பை மேலே இழுத்துவிடும். கழுவும் வேலையைப் பெரும்பாலும் செய்து முடித்தது அடுத்தடுத்து வந்த மாரி மழை. திறந்த மணல்வெளிகளில் விழுந்த மழை, உப்பைக் கீழேயும் பக்கத்திலும் தள்ளிக் கடலுக்கே திருப்பி அனுப்பியது. அந்த வெளிகளில் நம் முற்றங்களும் சேர்த்தி.

இனிக் கணக்கைப் பேர்ச்சஸில் பார்ப்போம், நமக்கு அதுதான் பிடிபடும். ஒரு பேர்ச்சஸ் 25 சதுர மீற்றரும் சொச்சமும். நாலு பேர்ச்சஸ் முற்றம் என்றால் 100 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 லீற்றர். நம் கரையில் வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றர் அளவில் மழை கிடைக்கிறது. ஆகவே அந்த முற்றத்தில் விழுவது 150,000 லீற்றர், அதே அளவு கூரையில் இன்னொரு 150,000 லீற்றர். பழைய மணல் முற்றம் தன் பங்கை விழுந்த இடத்திலேயே குடித்துவிடும். பின்னேரம் அடைமழை பெய்து ஓய்ந்த பிறகு அதில் நடந்தால் செருப்பில் சேறு ஒட்டாது, ஈர மணல்தான் ஒட்டும். கிரவலைக் கொட்டி உருளை ஓட்டி இறுக்கி, அதன் மேல் கல் பதித்த முற்றத்தில் இந்த வேலை நடக்காது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இடைவெளி இருக்கிறதே என்பார்கள். இடைவெளி இருந்து என்ன, அடியில் இறுகிய கிரவல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. தண்ணீர் கேற் வழியாக வீதிக்கு ஓடி, கானுக்குள் விழுந்து, அன்றே கடலுக்குப் போய்விடும்.

கல் பதிக்கத்தான் வேண்டும் என்றால் வாகனச் சக்கரம் உருளும் இரண்டு பட்டிக்கு மட்டும் பதிக்கலாம். நடுவில் ஓட்டையுள்ள கல்லை வாங்கி, ஓட்டைக்குள் புல்லை வளரவிடலாம். அடியில் இறுகும் கிரவலுக்குப் பதிலாகச் சல்லியும் மணலும் போட்டால் பாரமும் தாங்கும், தண்ணீரும் இறங்கும். பீலியிலிருந்து வரும் குழாயை வீதிப் பக்கம் திருப்பாமல் முற்றத்து மூலையில் ஓர் உறிஞ்சு குழிக்குத் திருப்பலாம். கழிவறைக் குழிக்கு எட்ட அது இருக்க வேண்டும். முன்முற்றத்தில் செய்யக்கூடிய வேலைகளில் செலவு குறைந்ததும் பயன் கூடியதும் இந்தக் குழிதான் என்று உறுதியாகச் சொல்வேன். பூச்செடி எதுவும் இதற்கு ஈடாகாது.

புல்லுக்கு வருவோம். கத்தரித்த பசும்புல் தரை இங்கிலாந்தின் ஈரமும் குளிரும் வளர்த்த வழக்கம். செம்மறிகளும் அரிவாள்களும் பார்த்த வேலையை 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்தார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீவும் கருவியைப் பார்த்து அந்த யோசனை வந்தது என்பார்கள். அதன் பிறகு சாதாரண வீடுகளின் முன்னாலும் புல்தரை வந்தது. அங்கே வளரும் குளிர்ப்பிரதேசப் புல் நமது வைகாசி வெயிலில் கருகிவிடும். வெப்பநாடுகளின் விளையாட்டு மைதானங்களிலும் கொல்ஃப் திடல்களிலும் அதனால் இன்னொரு புல் விரிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பெர்முடா என்று பெயர். நமக்கு அது அருகம்புல். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கிளென் பேர்ட்டன் என்ற விஞ்ஞானி, 1960இல் வெளியிட்ட, அருகும் அதன் ஆபிரிக்க உறவுப் புல்லும் கலந்த ‘டிஃப்வே’ வகை இன்றும் உலகெங்கும் நடப்படுகிறது. அதற்கு விதை பிடிக்காது. துண்டு துண்டாக வெட்டி நட்டே பரப்புகிறார்கள். வேலியோரம் பிடுங்கி எறிகிற புல்லின் கலப்புப் பிள்ளைக்கு இவ்வளவு மதிப்பு.

அருகின் வலிமை இலைக்குள் இருக்கிறது. செடிகள் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பது ருபிஸ்கோ என்ற நொதியால். சூடு ஏறினால் அந்த நொதி தடுமாறும். கரியமில வாயுவுக்குப் பதில் ஒட்சிசனைப் பிடித்துவிட்டு, அந்தப் பிழையைச் சரிசெய்யச் செடி சேர்த்த சக்தியையே செலவழிக்கும். நெல்லுக்கும் தென்னைக்கும் இந்த நட்டம் உண்டு. கரும்பு, சோளம், அருகு ஆகியவை வேறு வழி கண்டுபிடித்தவை. வெளிக்கலங்களில் இன்னொரு நொதி கரியமில வாயுவைப் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள உள்கலங்களுக்குள் தள்ளி அங்கே நெருக்கமாகக் குவிக்கிறது. அந்த நெருக்கத்தில் ருபிஸ்கோ தடுமாற வழியில்லை. ஹவாயில் கரும்பை ஆராய்ந்தவர்கள் முதலில் இதன் தடயத்தைக் கண்டார்கள். 1966இல் அவுஸ்திரேலியாவில் ஹட்சும் ஸ்லாக்கும் பாதையை விளக்கினார்கள். பிடிக்கப்படும் முதற்பொருளில் நாலு கார்பன் அணுக்கள் இருப்பதால் இதற்கு சி4 என்று பெயர். காற்றுத் துளைகளை அகலத் திறக்காமலே வேலை நடப்பதால் இவ்வகைச் செடி ஒரு கிராம் வளர்வதற்கு மற்றவற்றின் ஏறத்தாழப் பாதித் தண்ணீர் போதும். நமது மாவட்டத்திலேயே இரண்டு முறைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வயலில் நெல், ஹிங்குரானையில் கரும்பு. நெல்லுக்கும் இந்தப் பாதையைக் கொடுக்க முடியுமா என்று பல நாட்டு ஆய்வாளர்கள் இன்றும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

அருகின் ஒரு கொடியைத் தூக்கிப் பாருங்கள். கணுவுக்குக் கணு, கீழே நூல் போன்ற வேர்களும் மேலே ஒரு தளிருமாக அது மண்ணைப் பிடித்திருக்கும். எந்தக் கணுவைப் பிய்த்து நட்டாலும் தனிச் செடியாகும். இலையின் வளரும் இடமும் நுனியில் இல்லை, அடியில் ஒளிந்திருக்கிறது. மாடு கடித்தாலும் இயந்திரம் வெட்டினாலும் போவது பழைய நுனிதான், புதிது கீழிருந்து மேலே வரும். மேயும் விலங்குகளோடு இலட்சக் கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இனம் புல். அதனால்தான் வெட்ட வெட்ட அடர்கிறது. ஆனாலும் ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இலை குறைந்தால் வேரும் குறுகும், வேர் குறுகினால் மணலில் புல் தாகத்தில் வாடும்.

கரையோரத்துக்கு இன்னும் பொருத்தமானது மணிலாப் புல் என்று விற்கப்படும் சொய்சியா. பெயர் எங்கிருந்து வந்தாலும் தெற்கு, தென்கிழக்கு ஆசியக் கரை மணலின் சொந்தப் புல் அது. மெதுவாகப் பரவும், ஆனால் பரவிவிட்டால் இடைவெளி விடாது. அருகுக்கும் சொய்சியாவுக்கும் இலைமேல் இரண்டே கலங்களாலான நுண்ணிய மயிர்கள் உண்டு. உறிஞ்சிய உப்பை அவை வெளியே தள்ளிவிடும். சவர்த்தண்ணீர் பாய்ந்த புல்லில், பனி உலர்ந்த காலையில் குனிந்து பார்த்தால் இலையோரம் பொடிப்பொடியாக உப்பு மினுங்குவதைக் காணலாம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். இரண்டும் வெயிலில்தான் நன்றாகச் செழிக்கும். மாமரத்தின் கீழ் இவற்றை நட்டுவிட்டு ஏன் சோணங்கி நிற்கிறது என்று கேட்பதில் பயனில்லை. நிழலில் மணலை மணலாகவே விட்டுவிடலாம், கட்டில் போட்டு இருக்க அந்த இடம்தான் சுகம்.

தண்ணீர்ச் செலவு எவ்வளவு? மழையில்லாத கச்சான் மாதங்களில் இவ்வகைப் புல்தரை நாளொன்றுக்கு நாலு மில்லிமீற்றர் அளவு நீரை ஆவியாக்கும். நாலு பேர்ச்சஸுக்கு 400 லீற்றர். இதில் வரவும் உண்டு. ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். 400 லீற்றர் என்றால் 270 யூனிட். பல வீடுகளின் ஒரு மாத மின்பட்டியலில்கூட அவ்வளவு வராது. அத்தனை வெயிலும் ஒரே நாளில் சுவரையும் தரையையும் சுடாமல் நீராவியோடு போய்விடுகிறது. நடுப்பகலில் கல் பதித்த முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாததும் புல்லில் நிற்க முடிவதும் இதனாலேயே.

நாலு மாதத்துக்கு நாள்தோறும் 400 லீற்றர் என்றால் 48,000 லீற்றர். அந்த வீட்டுக் கூரையில் விழும் மழையின் மூன்றில் ஒன்று. மண்ணுக்குள் விட்ட மழை முழுவதும் நமக்கென்று காத்திருக்காது, ஒரு பகுதி கடலுக்குக் கசியும். என்றாலும், கூரைநீரை உள்ளே விட்டுவிட்டுப் புல்லுக்கு இறைப்பவரையும், கூரைநீரை வீதிக்கு விட்டுவிட்டுப் புல்லுக்கு இறைப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டாமவர் அயலவரின் கிணற்றிலிருந்தும் இறைக்கிறார். வில்லைக்கு மதில் கிடையாது.

மணலின் குறை, அது தண்ணீரைப் பிடித்து வைக்காது. வேர் 20 சென்ரிமீற்றர் ஆழம் போயிருந்தால், அந்த ஆழத்து மணலில் புல்லுக்குக் கிடைக்கக்கூடிய நீர் 10 முதல் 15 மில்லிமீற்றர்தான். மூன்றாம் நாள் புல்லின் நிறம் சாம்பல் பூக்கும். இதற்கு மருந்தென்று மேற்கே இருந்து வயல் மண்ணை லோட் கணக்கில் ஏற்றி மணலின் மேல் பரத்துகிறார்கள். இங்கே இயற்பியல் ஒரு வேலை காட்டும். நுண்ணிய மண் பெருமணலின் மேல் தனிப்படையாகக் கிடந்தால், மேல்மண்ணின் சிறு துளைகள் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே முழுவதும் ஊறி நிறையும்வரை கீழே விடாது. கொல்ஃப் திடல் அமைப்பவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். சல்லிப் படையின் மேல் 30 சென்ரிமீற்றர் மணலைப் போட்டு, வேரடியில் ஈரத்தை நிறுத்துவது 1960இல் அமெரிக்க கொல்ஃப் சங்கம் வகுத்த முறை. அளவு பார்க்காமல் களிமண்ணைப் பரத்திய முற்றத்திலோ மாரியில் வேர் அழுகுகிறது, கச்சானில் அந்தப் படையே வெடித்து ஓடாகிறது, வேரும் அதைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை.

வயல் மண் இன்னொன்றையும் கூட்டிவரும், கோரையை. அதைப் பிடுங்கினால் தண்டுதான் கையோடு வரும். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் கறுத்த கிழங்குகள் நூலில் கோத்ததுபோல் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கும். நூல் அறுந்த இடத்தில் உறங்கிக் கிடந்த கிழங்கு விழித்துப் புதுச்செடி விடும். புல்தரைக்குள் கோரை புகுந்தால் எடுப்பது பெரும் பாடு. மண் ஏற்றுவதைவிட, இருக்கிற மணலின் மேல் ஒரு சாண் ஆழத்தைக் கொத்தி, மக்கிய மாட்டெரு, தும்புத்தூள், உமிக்கரி ஆகியவற்றைக் கலப்பது நல்லது. நெல் ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. அரைகுறையாக எரித்த உமியின் நுண்துளைகள் நீரையும் உரச்சத்தையும் பிடித்து வைக்கும். கரி என்பதால் எரு மக்கிப்போகும் வேகத்தில் அது மறைவதுமில்லை. படையாகப் போடாமல் கலக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

யூரியாவில் கவனம் தேவை. மணலில் தூவிய யூரியா சில நாட்களில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றுக்கு மணலில் ஒட்டிக்கொள்ள இடமில்லை. அடுத்த பாய்ச்சலோடு நேரே வில்லைக்குள் இறங்கும். இதே வகை மணலுள்ள கற்பிட்டிக் குடாநாட்டில் தீவிரமாக உரமிட்டுப் பயிர் செய்ததில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கிணறுகள் தாண்டியது பதிவாகியிருக்கிறது. அந்த நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலிமையை இழக்கலாம். வீட்டு முற்றத்துப் புல் அவ்வளவு பசுமையாக இருக்க வேண்டியதில்லை. வெட்டிய புல்லை அங்கேயே உதிரவிட்டால் அதிலிருக்கும் நைதரசன் மண்ணுக்கே திரும்பும்.

இத்தனைக்கும் பிறகு மணல் முற்றத்தையே வைத்துக்கொள்வோம் என்று ஒருவர் சொன்னால் அவர் பக்கம்தான் நிற்பேன். விடியலில் ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டி, வரிவரியாகக் கோடு விழுந்த வெண்மணல் எந்தப் புல்லுக்கும் அழகில் குறைந்ததல்ல. கல்யாணமும் பெருநாளும் அதில் நடந்திருக்கின்றன. பாம்பு வந்தால் தடம் தெரியும். புதிதாக மணல் பரப்பக் கடற்கரைக்குப் போகும் காலம் மட்டும் முடிந்துவிட்டது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாமல் அள்ளுவதைத் தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். பக்கத்து ஒலுவிலில் 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் வடக்கே போகும் மணலை மறித்ததில், அந்தப் பக்கத்துக் கரை அரிந்து தென்னந் தோட்டங்கள் கடலுக்குள் போயின. கரை உள்ளே வரும்போது வில்லையும் உள்ளே ஒடுங்கும்.

புல் நடத்தான் போகிறீர்கள் என்றால் சித்திரையில் தொடங்க வேண்டாம். புரட்டாதிக் கடைசியில் மணலைக் கொத்திக் கலந்து ஆயத்தமாக வைத்து, முதல் மழை இறங்கியதும் சொய்சியாவைச் சிறு சிறு பத்தைகளாக ஒரு சாண் இடைவெளியில் ஊன்றி, காலால் மிதித்துவிடுங்கள். மூன்று மாத மழை பாய்ச்சும் வேலையை எடுத்துக்கொள்ளும். கச்சான் எழும்போது வேர் ஆழத்தில் இருக்கும், அப்போது நாள்தோறும் தெளிப்பதைவிட மூன்று நாளைக்கொரு தடவை, வெயில் ஏறும் முன், வேரளவுக்கு நனையவிட்டால் போதும். உறிஞ்சு குழியின் வாயில் சேர்ந்த சருகை ஒவ்வொரு மாரிக்கும் முன் அள்ளிவிடுங்கள்.